இங்கிலாந்துக் கிராமத்துத் தேவாலய மணிகளைச் சீரமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் தேவாலயக் கோபுரத்தில் ஞாயிறுதோறும் மணியடிக்கும் குழுவில் நானும் ஒருவன். கோபுர மணிகளைச் சீரமைக்கப் பணம் திரட்டுகிறோம் என்று சொன்னால், நம்மூரிலிருந்து போனில் பேசுபவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "மணியில ரிப்பேர் பண்ண என்ன இருக்கு?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. அதற்கும் அதன் பின்னால் வரிசையாக வரும் கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மணியில் ரிப்பேர் செய்ய என்ன இருக்கிறது? வெண்கலம் கெட்டுப்போகுமா?

லேசில் கெடாது. இப்ஸ்விச் நகரின் புனித லாரன்ஸ் ஆலயத்தில் ஐந்து மணிகள் இருக்கின்றன. நான்கு மணிகள் 1450-ஐ ஒட்டி வார்க்கப்பட்டவை. ஐந்தாவது அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து வந்தது. ஐந்து மணிகள் கொண்ட தொகுதிகளில் உலகிலேயே பழையது அதுதான். 1980-களில் அடிக்க முடியாமல் மௌனமான அந்த மணிகள் 2009-ல் மறுபடியும் ஒலிக்க ஆரம்பித்தன. ஐநூறு வருடத்துக்கு முந்தைய ஊர்க்காரர்கள் கேட்ட அதே உலோகத்தைத்தான் இன்றைக்கும் கேட்கிறோம்.

கெட்டுப்போவது மணியைச் சுற்றியிருப்பவை. மணியின் தலைக்கு மேலே ஹெட்ஸ்டாக் என்னும் கனமான கட்டை, அதன் இரண்டு முனையிலும் இரும்பு அச்சு, அச்சு சுழல பேரிங், பக்கத்தில் ஏறக்குறைய ஆளுயரத்துக்கு ஒரு மரச்சக்கரம், உள்ளே நாக்கு, எல்லாவற்றையும் தாங்கும் சட்டம், அப்புறம் கீழ்த்தளம்வரை இறங்கும் கயிறு. ஒரு கோபுரத்துக்குச் "சீரமைப்பு" என்றால் செலவில் பெரும்பகுதி இவற்றுக்குத்தான் போகும். மணியின் மேல் எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி. கீழே வரும் பல பதில்களில் இது தெரியும்.

நம்மூர் சர்ச் மணி இத்தனை தொல்லை தருவதில்லையே?

அடிக்கும் முறை வேறு. நம்மூரில் பொதுவாக ஒன்றோ இரண்டோ மணி இருக்கும். கயிற்றை இழுத்தால் மணி கொஞ்சம் ஆடும், நாக்கு போய் அடிக்கும். இங்கே மணியை முதலில் கொஞ்சம் கொஞ்சமாக வீச்சைக் கூட்டி, வாய் வானத்தைப் பார்க்கும்படி தலைகீழாக நிறுத்திவிடுவார்கள். அந்த நிலையிலிருந்து கயிற்றை இழுத்தால் மணி கவிழ்ந்து, ஒரு முழு வட்டம் சுற்றி, மறுபடி வாய் மேலே பார்க்க வந்து நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு அடி. அடுத்த இழுப்பில் எதிர்த்திசையில் இன்னொரு சுற்று.

ஒரு கிராமத்து கோபுரத்தின் பெரிய மணி அரை டன் எடை இருப்பது சர்வசாதாரணம். அது முழு வட்டம் சுற்றி அடியில் வரும்போது, சட்டத்தின் மேல் விழும் பாரம் மணியின் எடையைப் போலச் சுமார் நான்கு மடங்கு. பக்கவாட்டில் தள்ளும் விசை சுமார் இரண்டு மடங்கு. அதாவது அரை டன் மணி ஒவ்வொரு சுற்றிலும் சட்டத்தை இரண்டு டன் அளவுக்கு அழுத்துகிறது, ஒரு டன் அளவுக்குப் பக்கத்தில் தள்ளுகிறது. இப்படி ஆறோ எட்டோ மணிகள். கோபுரமே லேசாக அசையும். மணியடிக்கும் அறையில் நின்றால் காலில் தெரியும். இதை நூறு இருநூறு வருடம் தாங்கிய சட்டமும் பேரிங்கும் தேய்ந்துபோவதில் ஆச்சரியம் என்ன?

மணி நிலை தாண்டிப் போகாமல் தடுக்க ஹெட்ஸ்டாக்கில் ஆஷ் மரத்தில் ஒரு கட்டை செங்குத்தாக இருக்கும். அதன் பெயர் ஸ்டே. புதிதாகக் கற்பவர் பலமாக இழுத்துவிட்டால் அது படாரென்று முறியும். முறிய வேண்டும் என்றுதான் அதை மரத்தில் செய்கிறார்கள். அது முறியாவிட்டால் அந்த வேகத்தைச் சட்டமோ சக்கரமோ வாங்கிக்கொள்ள நேரும்.

அவ்வளவு பாடுபட்டு என்ன ராகம் வாசிக்கிறார்கள்?

ராகமே கிடையாது. எல்லா மணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொரு முறை ஒலித்தால் அது ஒரு வரிசை. இதுதான் இங்கிலாந்து மணியடிப்பின் தனித்தன்மை. ஒரு சுற்று முடிந்து மணியை அடுத்த சுற்றுக்கு விடும்போது, அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம், கொஞ்சம் முந்தவிடலாம். அவ்வளவுதான் கையில் இருக்கிற சுதந்திரம். அதனால் ஒரு மணி வரிசையில் ஓர் இடம் முன்னே போகலாம், ஓர் இடம் பின்னே போகலாம், அல்லது இருந்த இடத்திலேயே நிற்கலாம். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு, ஒரே வரிசை இரண்டாம் முறை வராமல் எல்லா வரிசைகளையும் அடித்துத் தீர்ப்பதே விளையாட்டு.

ஐந்து மணிகள் இருந்தால் 120 வரிசை. ஆறு மணிகளுக்கு 720. அடித்து முடிக்க அரைமணி நேரம்கூட ஆகாது. ஏழுக்கு 5040, மூன்று மணி நேரம் ஆகும், நடுவில் யாரும் ஆள் மாறக் கூடாது. 1715 மே 2 அன்று நாரிச் நகரின் புனித பீட்டர் மான்கிராஃப்ட் ஆலயத்தில் இப்படி 5040 வரிசைகளை அடித்ததற்குப் பதிவு இருக்கிறது. எட்டு மணிகளுக்கு 40,320. அதைக் கோபுர மணிகளில் ஒரே ஒரு முறைதான் இடைவிடாமல் முழுமையாக அடித்து முடித்திருக்கிறார்கள்: 1963 ஜூலையில், லஃபரோ மணி வார்ப்புச் சாலையின் கோபுரத்தில். எட்டுப் பேர், ஏறக்குறைய 18 மணி நேரம்.

வரிசையை எழுதிவைத்துப் படிப்பதில்லை. எல்லாம் மனப்பாடம், அப்புறம் காது. ஒரு பேரிங் இறுகிப்போய் மணி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு பின்தங்கினால்கூட வரிசை கோணலாகக் கேட்கும். சீரமைப்பில் ஏன் இத்தனை நுணுக்கம் பார்க்கிறார்கள் என்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, என்னென்ன விதத்தில் கெட்டுப்போகிறது?

முதல் எதிரி துரு. பழைய வார்ப்புக்காரர்கள் நாக்கைத் தொங்கவிட ஓர் இரும்பு வளையத்தை மணி வார்க்கும்போதே அதன் தலையில் புதைத்துவிடுவார்கள். வெண்கலத்துக்குள் மாட்டிக்கொண்ட இரும்பு மெல்லத் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இடம் கிடைக்காமல் மணியின் தலையை உள்ளிருந்து பிளக்கும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. இன்று மணியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் முதலில் செய்யும் காரியங்களில் ஒன்று, அந்த இரும்பைத் துளைபோட்டு முழுக்க எடுத்துவிட்டு, நாக்கைத் தனியாக ஒரு போல்ட்டில் மாட்டுவது. பழைய மணிக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, நாக்கு விழும் இடம். நாக்கு எப்போதும் இரண்டே இடத்தில்தான் அடிக்கும், எதிரெதிர்ப் பக்கங்களில். முந்நூறு வருடத்தில் அங்கே உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்து பள்ளம் விழும். விரலால் தடவிப் பார்த்தால் விளிம்பு புரியும். இதற்கு வைத்தியம் சுலபம்: மணியைக் கால் வட்டம் திருப்பி மாட்டிவிடுவார்கள். நாக்குக்குத் தேயாத புது இடம் கிடைத்துவிடும்.

மூன்றாவது மரத்துக்கு வரும் கேடு. ஓக் சட்டத்தை உளுப்பூச்சி அரிக்கும். ஜன்னல் பலகைகள் வழியாக மழைச் சாரல் அடித்து மூலை இற்றுப்போகும். இணைப்புகள் தளர்ந்து, மணி ஆடும்போதெல்லாம் சட்டமும் சேர்ந்து ஆடும். ஆடாமலிருக்க யாரோ ஒரு காலத்தில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஆப்பு அடித்திருப்பார்கள். அது இன்னும் மோசம். ஆட்டம் முழுவதும் சுவருக்குப் போய்க் கல் பெயர ஆரம்பிக்கும்.

நான்காவது மனிதர்கள். ஆறு மணியையும் ஒரே ஆள் நின்றபடி அடிக்க வேண்டும் என்று நாக்கிலேயே கயிறு கட்டி இழுக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. நாக்கு அடித்துவிட்டு உடனே விலகினால்தான் மணி அதிர்ந்து பாட முடியும். கயிறு அதை மணியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டால் அதிர்வுக்குப் போக வழியில்லை. இப்படி விரிசல் விட்ட நல்ல மணிகள் ஏராளம்.

விரிசல் விட்ட மணியை உருக்கி மறுபடி வார்த்துவிடலாம்தானே?

வார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டில் தாராளமாக வார்த்தார்கள். நூற்றுக்கணக்கான பழைய மணிகள் அப்படித்தான் உலைக்குள் போயின. பழைய வாசகத்தைப் புது மணியில் நகலெடுத்துப் பொறித்தாலும் அது பழைய மணி ஆகாது. இப்போது முதலில் யோசிப்பது வெல்டிங். மணிக்கான வெண்கலம் ஏறக்குறைய 77 பங்கு செம்பு, 23 பங்கு தகரம். கடினமானது, ஆனால் நொறுங்கும் குணம் உள்ளது. சாதாரண வெல்டிங் செய்தால் பக்கத்தில் புது விரிசல் விழும். அதனால் மணி முழுவதையும் உலையில் மெல்லச் சூடாக்கி, அதே கலவை உலோகத்தை விரிசலில் நிரப்பி, மறுபடி மெல்ல ஆறவிடுவார்கள். கேம்பிரிட்ஜ் அருகே லோட் என்னும் கிராமத்தில் இதையே தொழிலாகச் செய்யும் பட்டறை இருக்கிறது. நன்றாகச் செய்தால் ஒலி திரும்பிவிடும்.

விரிசலோடே வாழும் மணியும் உண்டு. லண்டனின் பிக் பென் 1858-ல் வார்க்கப்பட்டு, 1859-ல் பயன்பாட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே விரிசல் விட்டது. மணியைக் கொஞ்சம் திருப்பி, சுத்தியலின் எடையைக் குறைத்தார்கள். இன்றுவரை அதே விரிசலோடுதான் மணி சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது அசையாமல் தொங்கும் மணி, வெளியிலிருந்து சுத்தியல் அடிக்கிறது. முழு வட்டம் சுற்றும் மணிக்கு அந்தச் சலுகை கிடையாது.

மணிக்குச் சுருதி சேர்க்க முடியுமா?

முடியும், ஒரே திசையில் மட்டும். உலோகத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. மணியைப் பெரிய செங்குத்து லேத்தில் வாய் மேலே பார்க்க வைத்து, உட்புறத்தைச் சீவிக்கொண்டே அளப்பார்கள். முற்காலத்தில் லேத் இல்லை. உளியால் வாய் விளிம்பைக் கொத்தினார்கள். அந்தக் கொத்துத் தழும்புகளைப் பல மணிகளில் பார்க்கலாம்.

ஒரு மணியை அடித்தால் ஒரு சுரம் மட்டும் வருவதில்லை. அடியில் ரீங்காரமாக நீடிக்கும் ஒலி, அதற்கு ஒரு ஸ்தாயி மேலே அடிப்படைச் சுரம், அதற்கு மேலே ஒரு சின்னக் காந்தாரம், பஞ்சமம், உச்சியில் இன்னொரு ஸ்தாயி என்று குறைந்தது ஐந்து ஒலிகளை ஒன்றுக்கொன்று பொருந்தவைக்க வேண்டும். சஸ்ஸெக்ஸைச் சேர்ந்த ஆர்தர் சிம்ப்சன் என்ற பாதிரியார் 1890-களில் இதைத் தெளிவாக எழுதினார். லஃபரோவின் டெய்லர் வார்ப்புச் சாலை உடனே பிடித்துக்கொண்டு 1896-லிருந்து அப்படிச் சுருதி சேர்க்க ஆரம்பித்தது. இன்று புதிதாக வார்க்கும் மணிகள் எல்லாம் அந்த வழியில்தான்.

பழைய மணிகளைச் சீவலாமா என்பதில் இங்கே சண்டை உண்டு. என்னைக் கேட்டால், ஒரு 15-ஆம் நூற்றாண்டு மணியின் ரீங்காரம் கொஞ்சம் விலகியிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சீவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. திருச்சபையும் மிகப் பழைய, அரிய மணிகளைப் பாதுகாப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. அவற்றைத் தொடச் சுலபத்தில் அனுமதி கிடைக்காது.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

இங்கிலாந்து திருச்சபைக்குச் சொந்தமாக ஒரு சட்ட ஏற்பாடு இருக்கிறது. கயிறு மாற்றுவது, ஸ்டே மாற்றுவது போன்ற அன்றாடப் பராமரிப்புக்கு எதுவும் வேண்டாம். பேரிங்கைச் சுத்தம் செய்ய மணியைச் சற்றுத் தூக்குவது மாதிரியான வேலைக்கு ஆர்ச்டீக்கன் என்னும் மூத்த பாதிரியாரின் எழுத்துமூல அனுமதி போதும். மணியைக் கீழே இறக்குவது, மணி தாங்கும் சட்டத்தை மாற்றுவது, புது மணி சேர்ப்பது என்றால் ஃபேகல்டி என்ற முறையான உத்தரவு தேவை. திருமண்டலத்தின், அதாவது ஒரு பேராயரின் கீழ் உள்ள பகுதியின், ஆலோசனைக் குழு பார்க்கும், அதில் மணிகளுக்கென்றே ஓர் ஆலோசகர் இருப்பார். கடைசியில் உத்தரவிடுபவர் சான்சலர், அதாவது திருமண்டல நீதிபதி. தாமதமாகும்தான். ஆனால் அவசரக்காரர்களின் கையிலிருந்து எத்தனையோ பழைய மரச்சட்டங்களை இந்தத் தாமதம் காப்பாற்றியிருக்கிறது, அதனால் எனக்கு இதன் மேல் கோபமில்லை.

மணிகளை எப்படிக் கீழே இறக்குகிறார்கள்?

இதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் ஒரு நாள் முழுக்கத் துப்புரவு. ஜாக்டா என்னும் சின்னக் காக்கைகள் கோபுர ஜன்னல் வழியாகச் சுள்ளிகளைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். பல வருடம் யாரும் ஏறாத கோபுரத்தில் மணிச் சட்டமே மூழ்கும் அளவுக்குச் சுள்ளி. கீழே புறா எச்சம். முகக்கவசம் இல்லாமல் ஏறக் கூடாது. மூட்டை மூட்டையாகக் கட்டி, சுருள் படிக்கட்டில் ஆளுக்கு ஆள் கைமாற்றி இறக்குவார்கள்.

அப்புறம் சக்கரத்தை இரண்டாகப் பிரித்துக் கழற்றுவார்கள், நாக்கை எடுப்பார்கள். கோபுரத்தின் மேல் உத்திரத்தில் செயின் பிளாக் மாட்டி மணியைச் சட்டத்திலிருந்து தூக்குவார்கள். ஒவ்வொரு தளத்திலும் ஒரு கதவுத் துளை இருக்கும். அது சிறிய மணிக்குப் போதும். பெரிய மணி புகாது, ஏனென்றால் தளம் போட்டதே மணி ஏறிய பிறகாக இருக்கும். அப்போது பலகைகளைப் பெயர்க்க வேண்டும். சங்கிலியைப் பிடித்திருப்பவர் ஒருவர், மணி சுவரில் உரசாமல் கையால் தள்ளிப்பிடிப்பவர் ஒருவர், கீழிருந்து குரல் கொடுப்பவர் ஒருவர். சங்கிலி கிளிக் கிளிக்கென்று அங்குலம் அங்குலமாக இறங்கும்.

கீழே வந்ததும் மணியைப் பலகை மேல் உருட்டி ஆலயத்தின் நடுப்பாதையில் வரிசையாக வைப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருந்த மணியை ஊர்க்காரர்கள் முதன்முதலாகக் கண்ணால் பார்ப்பது அன்றைக்குத்தான். எல்லோரும் குனிந்து எழுத்தைத் தடவிப் படிப்பார்கள். இடைக்கால மணியாக இருந்தால் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஒரு புனிதரை விளிக்கும் லத்தீன். குளோஸ்டர் நகரில் 1684 முதல் 1835 வரை வார்த்த ரட்ஹால் குடும்பத்தின் மணியாக இருந்தால், "சமாதானமும் நல்ல அயலாரும்" என்றோ, "உயிரோடிருப்போரைக் கோயிலுக்கு அழைக்கிறேன், எல்லோரையும் கல்லறைக்கும் அழைக்கிறேன்" என்றோ இருக்கும். பிள்ளைகள் மெழுகுக் கட்டியால் காகிதத்தில் தேய்த்துப் படி எடுப்பார்கள். நிதி திரட்டுபவர்களும் இந்த நாளைத் தவறவிடுவதில்லை.

எங்கே கொண்டுபோய் வேலை செய்கிறார்கள்?

ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் வார்ப்புக்காரர் இருந்தார்கள். சாலை மோசமாக இருந்த நாட்களில் சிலர் ஆலய வளாகத்திலேயே குழி தோண்டி வார்த்தார்கள். லண்டனின் வைட்சாப்பல் வார்ப்புச் சாலை தன் வரலாற்றை 1570-லிருந்து எண்ணிவந்தது. அமெரிக்காவின் சுதந்திர மணியை முதன்முதலில் 1752-ல் வார்த்ததும் பிக் பென்னை வார்த்ததும் அதுதான். 2017-ல் மூடிவிட்டார்கள். என் மனதை இன்னும் உறுத்தும் இழப்பு அது. இப்போது பெரிய வார்ப்புச் சாலை என்றால் லஃபரோவின் டெய்லர்தான். புனித பவுல் பேராலயத்தின் பதினாறரை டன் மணியை 1881-ல் வார்த்த இடம். வார்ப்பு இல்லாமல் மணி மாட்டுவது, சட்டம் செய்வது, சக்கரம் கட்டுவது மட்டும் செய்யும் பட்டறைகளும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் ஆப்பிள்டன் கிராமத்தில் வைட் குடும்பத்தார் 1824-லிருந்து இந்த வேலையில் பெயர் பெற்றவர்கள்.

மரச்சட்டத்தை எடுத்துவிட்டு இரும்புச் சட்டம் போடுவது நல்லதா?

மணியடிப்பவனாகச் சொன்னால் இரும்பு நல்லது. அசையாது, பராமரிப்புக் குறைவு, மணிகள் சீராகச் சுற்றும். ஆனால் சில ஓக் சட்டங்கள் மணிகளைவிடப் பழையவை, தச்சனின் அடையாளக் குறிகள் அப்படியே இருக்கும். அவற்றை உடைத்து விறகாக்குவது பாவம். நடைமுறையில் பல இடங்களில் பழைய சட்டத்தை அது இருக்கும் இடத்திலேயே காலியாக விட்டுவிட்டு, அதற்குக் கீழே ஒரு தளத்தில் புது இரும்புச் சட்டத்தை அமைத்து மணிகளை அங்கே மாட்டுகிறார்கள். மணிகள் தாழ்வாக வருவதால் கோபுரத்துக்கும் ஆட்டம் குறையும். பேரிங் விஷயத்தில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை: பழைய வெண்கலப் பேரிங்கை எடுத்துப் பால் பேரிங் போட்டால் அரை டன் மணி கைக்குள் அடங்கும்.

கோபுரமும் கயிறும் இல்லாமலே மணியடிக்கும் ஊர் ஒன்று இருக்கிறது, இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. சஃபோக்கின் ஈஸ்ட் பெர்கோல்ட் கிராமத்தில் கோபுரம் கட்டி முடிக்கப்படவே இல்லை. 1531-ல் ஆலய வளாகத்தில் தரையிலேயே ஒரு மரக்கூண்டு கட்டி மணிகளை அதற்குள் வைத்தார்கள். தற்காலிகம் என்று வைத்ததுதான்; இன்றும் அங்கேதான் இருக்கின்றன. ஐந்து மணிகள், மொத்தம் நான்கு டன்னுக்கு மேல். கயிறும் சக்கரமும் கிடையாது. பக்கத்தில் நின்று ஹெட்ஸ்டாக்கைக் கையால் பிடித்துத் தள்ளியே சுற்றுகிறார்கள்.

எவ்வளவு செலவாகும்? யார் கொடுப்பார்கள்?

பேரிங், நாக்கு, கயிறு என்று புதுப்பித்தாலே பல்லாயிரம் பவுண்ட். புதுச் சட்டமும் கூடுதல் மணிகளும் என்றால் லட்சம் பவுண்டைத் தாண்டுவது உண்டு. திருச்சபையின் மேலிடம் கொடுக்காது. அந்தந்த ஊர் சபைதான் பொறுப்பு. தேசிய லாட்டரியின் பாரம்பரிய நிதி, ஒவ்வொரு மாவட்ட மணியடிப்போர் சங்கமும் வைத்திருக்கும் மணி நிதி, தனியார் அறக்கட்டளைகள், மீதிக்குக் கேக் விற்பனையும் கோடைத் திருவிழாவும். குடும்பத்தில் இறந்த ஒருவர் நினைவாக ஒரு மணியின் செலவை ஏற்பவர்களும் இருக்கிறார்கள்.

ஐந்து மணியை ஆறாக்க வேண்டுமானால் புதிதாக வார்க்கத்தான் வேண்டும் என்பதில்லை. மூடப்பட்ட ஆலயங்களின் மணிகளை வாங்கி, தேவைப்படும் கோபுரங்களுக்குச் சேர்ப்பிக்க கெல்டெக் என்ற அறக்கட்டளை இருக்கிறது. சுருதி பொருந்தும் பழைய மணி கிடைத்தால் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன். செலவு மிச்சம், ஒரு மணிக்கு வாழ்வு.

கோபுரத்தில் வௌவால் இருந்தால்?

வேலையை வௌவாலின் வசதிக்கு ஏற்ப மாற்ற வேண்டும். இங்கே எல்லா வௌவால் இனங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவை தங்கும் இடத்தில் தொந்தரவு செய்தால் குற்றம். நிபுணரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நாள் குறிப்பது நல்லது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தத்துக்குச் சண்டைக்கு வரமாட்டார்களா?

வருவார்கள், குறிப்பாக மணிகள் இருபது வருடம் மௌனமாக இருந்த காலத்தில் வீடு வாங்கியவர்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால் சீரமைக்கும்போதே மணி அறைக்கு மேலும் ஜன்னல்களிலும் ஒலித் தடுப்புப் பலகைகள் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஞாயிறு ஆராதனைக்கும் திருமணத்துக்கும் பலகையைத் திறந்து முழு ஒலி, பயிற்சி நாளில் மூடிவைத்துப் பாதி ஒலி. நாக்கை அசையாமல் கட்டிவிட்டு, சக்கரத்தில் சென்சார் வைத்து, கம்ப்யூட்டரிலிருந்து அறைக்குள் மட்டும் ஒலி கேட்கும்படியும் செய்யலாம். புதியவர்கள் மணிக்கணக்கில் பழகுவது இப்படித்தான்.

இத்தனை செலவுக்குப் பதில் ஸ்பீக்கர் வைத்தால் போதாதா?

போதாது. ஸ்பீக்கரில் மணிச்சத்தம் வரும், மணியடிப்பு வராது. செவ்வாய்க்கிழமை இரவு ஓய்வுபெற்ற ஆசிரியை, பண்ணை வேலையாள், பள்ளிக்கூடப் பெண் என்று ஆறு பேர் கயிற்றைப் பிடித்து வட்டமாக நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே 720 வரிசையை முடிக்கிறார்களே, அதைக் காப்பாற்றத்தான் பணம் கேட்கிறோம். 1940 ஜூனில் போர்க்காலத் தடை வந்தது: எதிரி தரையிறங்கினால் மட்டுமே மணியடிக்கலாம். 1942 நவம்பரில் எகிப்தின் எல் அலமெயின் போரில் கிடைத்த வெற்றிக்காக ஒரு நாள் தளர்த்தினார்கள், 1943-ல் தடை நீங்கியது. அதற்குள் பல கோபுரங்களில் அடிக்கத் தெரிந்தவர்கள் போருக்குப் போய்விட்டார்கள், மணிகள் இருந்தும் ஆளில்லை. ஆகவே சீரமைப்புக்குப் பணம் திரட்டத் தொடங்கும் அன்றே ஆள் திரட்டவும் தொடங்க வேண்டும். பட்டறையில் மணி இருக்கும் மாதங்களில் புதியவர்களைப் பக்கத்து ஊர்க் கோபுரத்துக்கு அனுப்பிப் பழக்கினால், மணி திரும்பி வரும் நாளில் கயிறு பிடிக்க ஊர்க்காரர்களே இருப்பார்கள். இதைத் திட்டத்தில் சேர்க்காத சபைக்கு நன்கொடை கொடுக்கும்முன் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

கிறிஸ்தவர் அல்லாதவர் மணியடிக்கலாமா?

தாராளமாக. மணியடிப்பவர்களில் ஆராதனைக்குப் போகாதவர்கள் நிறையப் பேர். நேரம் தவறாமல் வர வேண்டும், ஆலயத்தை மதிக்க வேண்டும். வேறு யாரும் எதுவும் கேட்பதில்லை. உடல் பலமும் பெரிதாகத் தேவையில்லை. சரியாக மாட்டிய மணியைப் பத்து வயதுப் பிள்ளையும் அடிக்கலாம்.

இங்கிலாந்துக்கு வந்தால் நேரில் பார்க்க முடியுமா?

முடியும். முழு வட்டம் சுற்றும் மணிகள் உள்ள கோபுரங்கள் நாட்டில் ஐயாயிரத்துக்கு மேல் உள்ளன. பெரும்பாலும் வாரத்தில் ஒரு மாலை பயிற்சி இருக்கும். நேரம் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும். கீழே கதவைத் தட்டிக் கோபுரத் தலைவரைக் கேட்டால் மேலே கூட்டிப்போவார்கள், உட்கார இடமும் காட்டுவார்கள். உட்கார்ந்தால் இரண்டு காலையும் தரையில் ஊன்றி வையுங்கள், கால்மேல் கால் வேண்டாம். ஆடும் கயிறு காலில் சிக்கிக்கொள்ளும். யாரும் சொல்லாமல் எந்தக் கயிற்றையும் தொடாதீர்கள், சும்மா தொங்கிக்கொண்டிருந்தாலும். மேலே மணி வாய் மேல்நோக்கி நின்றுகொண்டிருக்கலாம். விளையாட்டாக ஓர் இழுப்பு இழுத்தால் ஆளையே தூக்கிவிடும். மணிகளைப் பார்க்க மேலே ஏற ஆசைப்பட்டால், அவையெல்லாம் வாய் கீழ்நோக்கி இறக்கப்பட்டுவிட்டனவா என்று முதலில் கேளுங்கள். ஆமாம் என்ற பதில் வந்த பிறகு ஏறுங்கள்.